துடைத்து வைத்த கை

"இம்புட்டையும் யாருடா தொடச்சு வைக்கிறா?" என்று பெரியம்மா கேட்டாள்.

லண்டனில், 20 மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸில், சிக்மண்ட் ஃப்ராய்டு கடைசியாக வாழ்ந்த வீட்டில், அவருடைய எழுதும் மேசைக்கு எதிரே நின்றிருந்தோம். எகிப்து, கிரேக்கம், சீனம் என்று பல தேசத்துச் சின்னச் சின்னச் சிலைகள் மேசை நிறைய நெருக்கி நின்றன. நோயாளிகள் படுத்துக்கொண்டு மனத்திலிருப்பதைச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற சாய்படுக்கையும் அதே அறையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். பெரியம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் கண் மேசையை விட்டு நகரவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதிலுக்கு ஒரு பெயரும் இருக்கிறது என்பதால்தான். பவுலா ஃபிக்டல். 1929-ல் வியன்னாவில் ஃப்ராய்டு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டது. 47 ஆண்டுகள் குடியிருந்த பெர்க்காஸே 19-ஆம் எண் வீட்டை விட்டு, ஜூன் 4 அன்று, 82 வயதில், வாய்ப் புற்றுநோயோடு ஃப்ராய்டு ரயிலேறினார். அந்த ரயிலில் பவுலாவும் இருந்தார். 2000-க்கும் மேற்பட்ட சிலைகளும் பழம்பொருள்களும் பின்னாலேயே பெட்டிகளில் வந்து சேர்ந்தன. கட்டடக் கலைஞரான மகன் எர்ன்ஸ்ட் லண்டன் வீட்டைச் சீர்செய்து கொடுத்தார். ஆனால் மேசைமேல் எந்தச் சிலைக்குப் பக்கத்தில் எந்தச் சிலை என்பதை நினைவிலிருந்தே எடுத்து, வியன்னாவில் இருந்த வரிசையிலேயே நிறுத்தியவர் பவுலா.

எத்தனை முறை ஒவ்வொன்றையும் தூக்கித் துடைத்துத் திரும்ப வைத்திருந்தால் அந்த வரிசை அப்படி மனத்தில் பதிந்திருக்கும்! எழுதுகிறவர் தலை நிமிரும்போது அந்தச் சிலைகளைப் பார்த்திருப்பார். பவுலா அவற்றின் அடியைப் பார்த்தவர்.

மறதி, வாய்தவறல், கைதவறல் பற்றி 1901-ல் ஃப்ராய்டு எழுதிய நூலைக் கல்லூரி நாளில் படித்தேன். பாதிதான் நினைவிருக்கிறது. ஒரு பொருளை வைத்த இடம் மறந்துபோவதுகூட வெறும் தற்செயல் அல்ல, நமக்கே தெரியாத ஒரு விருப்பம் அதைத் தொலைக்கிறது என்று அதில் வரும். அதற்குப் பிறகு சாவியைத் தேடும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே சந்தேகம் வரும். பொருளைத் தொலைக்கிறவரைப் பற்றி அந்தப் புத்தகம் சொன்னது மனத்தில் தங்கியிருக்கிறது. அதை நாள்தோறும் அதே இடத்தில் திரும்ப வைக்கிறவரின் மனத்தைப் பற்றி ஒன்றும் தங்கவில்லை. தொலைப்பதற்கு ஒரு விருப்பம் உண்டென்றால் வைப்பதற்கும் ஒன்று இருக்க வேண்டாமா?

மேலூரில் எங்கள் தாத்தா நாட்டு வைத்தியர். கூடத்தில் ஒரு மரபீரோ. திரிகடுகு, அமுக்கரா, கடுக்காய், திப்பிலி என்று புட்டிகள் வரிசையாக இருக்கும். பெயர் எழுதி ஒட்டிய காகிதங்கள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. வியாழக்கிழமை மாலை பெரியம்மா எல்லாவற்றையும் இறக்கித் துடைத்துத் திரும்ப அடுக்குவாள். நாங்கள் பக்கத்தில் போனாலே அதட்டல் விழும். தாத்தாவுக்குக் கண்பார்வை மங்கிய பிறகும் வைத்தியம் நிற்கவில்லை. திண்ணையில் வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வருவார். கையை நீட்டுவார். கை போன இடத்தில் அந்த மருந்து இருக்கும். ஊர் அதைத் தாத்தாவின் கைராசி என்றது. பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னாள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

தாத்தா போன பிறகு புட்டிகள் பழைய சாமான்காரரிடம் போயின. பீரோ இருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது.

வியன்னா வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். 1971-லிருந்து அது அருங்காட்சியகம். சாய்படுக்கை அங்கே இல்லை, மேசையும் இல்லை. எட்மண்ட் எங்கெல்மன் என்பவர் 1938 மே மாதத்தில், கெஸ்டபோ கண்காணிப்புக்கு நடுவே, ஃபிளாஷ் போடாமல் எடுத்த படங்கள்தான் அந்த அறைகள் எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி. நகல் செய்து நிரப்பியிருக்கலாம். செய்யவில்லை. அது சரியென்றே எனக்குப் பட்டது. ஃப்ராய்டின் தங்கைகள் நால்வர் வியன்னாவிலேயே தங்கிவிட்டார்கள். நால்வரையும் நாஜி முகாம்கள் கொன்றன. அந்த நகரத்தில் அந்த வீடு நிறைந்திருந்தால் பொய்யாகியிருக்கும். வெறுமைதான் அங்கே நடந்ததைச் சொல்கிறது.

அப்படியானால் லண்டன் வீடு பொய்யா? ஃப்ராய்டு அங்கே வாழ்ந்தது ஓராண்டுகூட நிறையவில்லை. 1939 செப்டம்பர் 23 அன்று, அந்தச் சிலைகளுக்கு நடுவே, படிப்பறையிலேயே உயிர் பிரிந்தது. நாம் பார்ப்பது லண்டன் மேசையும் அல்ல, வியன்னா மேசையும் அல்ல, பவுலாவின் நினைவில் இருந்த மேசை. அடுத்த ஆண்டே பிரிட்டன் பவுலாவை எதிரிநாட்டவர் என்று மேன் தீவில் அடைத்துவைத்தது. பிறகு திரும்பி வந்து, 1982-ல் ஃப்ராய்டின் மகள் அன்னா இறக்கும்வரை அவரோடு இருந்தார். 1986-ல் வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சிந்தித்தவரின் வீடு என்று நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போகிறோம். அந்தச் சிந்தனைக்கு இடம் ஒழித்துத் தந்தவரின் வீடும் அதுவே என்று சொன்னால் மிகையாகாது என்று நினைக்கிறேன். ஆனால் அதை எந்த அளவுக்கு இழுக்கலாம்? துடைத்தவருக்கும் கனவுகளைப் பற்றி எழுதியவருக்கும் ஒரே தட்டில் பங்கு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பங்கே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

மேலூர் வீட்டை என்ன செய்வது என்று பெரியம்மா மகனும் சித்தப்பா பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீரோவைக் காலியாகவே கூடத்தில் நிறுத்தலாம். இல்லையென்றால், பெரியம்மா இருக்கும்போதே அவளைக் கேட்டுக் கேட்டு, புதிய புட்டிகளை வாங்கிப் பழைய வரிசையில் அடுக்கலாம். காலியாக விட்டால் தாத்தா இல்லை என்பது தெரியும், அவள் இருந்தது தெரியாது. அடுக்கினால் பார்க்கிறவர்கள் தாத்தாவின் பீரோ என்றுதான் சொல்வார்கள், அவளே முதலில் சொல்வாள். லண்டனில் அவள் கேட்டது அவளைப் பற்றிய கேள்வியும்தானா என்று அவளிடமே கேட்டுவிடலாம். கேட்டால் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள், அது உண்மையாகவும் இருக்கலாம். உறவினர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் அடுக்கலாம் என்று தோன்றுகிறது, அடுத்த வாரம் வேண்டாம் என்று தோன்றுகிறது.