டார்ச்சைக் கீழே அடி!

உங்கள் சட்டைப் பையிலோ, கைப்பையிலோ இப்போது என்னென்ன இருக்கிறது? செல்போன், சாவிக்கொத்து, பேனா, போன வாரத்து மருந்துச் சீட்டு. டார்ச் லைட்? பெரும்பாலும் இருக்காது. நகரத்துக்காரர்களுக்கு இருட்டு என்பது கரன்ட் போனால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. அதற்காகத் தினமும் ஒரு விளக்கைச் சுமப்பானேன்?

நானும் அப்படித்தான் இருந்தேன், ஊரிலிருந்து அந்த போன் வரும்வரை.

''மாமா, வரும்போது எனக்கு ஒரு டார்ச் லைட்டு வாங்கினு வாங்க. சின்னதா, கைக்குள்ள அடங்கறா மாதிரி. ஆனா நல்லா அடிக்கணும்.''

பேசியவள் என் அக்கா மகள். ஊர், காவேரிப்பாக்கம். சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்கள் காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜாவுக்கு முன்னால் கடந்து போவீர்கள். வேலூர் மாவட்டத்தில் இருந்தது, 2019-ல் பிரித்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெரிய ஏரி ஒன்று அங்கே உண்டு. ஊருக்கே அந்தக் காலத்தில் அவன் பட்டப்பெயரை வைத்து அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றுதான் பெயர். நல்லவேளை, பஸ் போர்டில் எழுத வேண்டிய காலம் வருவதற்குள் மாறிவிட்டது!

அவள் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 'அப்பர்' தைக்கிறாள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். டூட்டி முடிந்து கம்பெனி பஸ் ஹைவேயில் இறக்கிவிடும்போது இரவு ஒன்பதாகிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். பாதித் தூரம் வயலும் ஏரிக்கரையும்தான்.

''போன்லயே டார்ச் இருக்கேம்மா?'' என்றேன்.

''அது வேலைக்கு ஆவாது மாமா. போனைக் கையில வெச்சிகினு நடந்தா, வர்றவன் போனைப் பாப்பானா, லைட்டைப் பாப்பானா?''

நியாயம்தான். 2003-ல் நோக்கியா 1100 வந்தபோது அதன் தலையில் இருந்த குட்டி டார்ச்சுக்காகவே வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பிடுங்கினாலும் பெரிய நஷ்டமில்லாத போன் அது. இன்றைக்கு போனுக்குள் பேங்க் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, குடும்பமே இருக்கிறது.

ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி கண்ணாடி மேஜை மேல் பத்துப் பன்னிரண்டு டார்ச்சுகளைப் பரப்பினார். உதட்டுச் சாயக் குப்பி அளவில் ஒன்று, பேனா போல ஒன்று, எதிரியை அடித்துப்போடும் அளவுக்கு ஒன்று.

''இது எடுத்துக்குங்க சார். ரெண்டாயிரம் லூமன்ஸ். ரெண்டு கிலோமீட்டர் அடிக்கும்.''

லூமன்ஸ் என்பது ஒரு விளக்கு மொத்தமாக எவ்வளவு ஒளியைக் கொட்டுகிறது என்கிற கணக்கு. வீட்டில் எரிந்த பழைய அறுபது வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமன்ஸ். நம் அப்பாக்கள் வைத்திருந்த ரெண்டு கட்டை டார்ச் பத்துப் பதினைந்து தேறினால் அதிகம். இப்போது விரல் நீளத்தில் அறுபது வாட் பல்பை அள்ளிக்கொண்டு போகலாம். நீல நிற எல்.ஈ.டி-யைக் கண்டுபிடித்து வெள்ளை எல்.ஈ.டி-க்கு வழி திறந்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தகும்.

ஆனால், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பார்த்து நான் என்ன செய்யப்போகிறேன்?

அந்தக் கேள்வி என்னை நேராக 1974-க்குக் கொண்டுபோய்விட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. நைனாவின் மூணு கட்டை டார்ச். பித்தளை உடம்பு, தலையில் குழிந்த கண்ணாடி. அதைத் தொட அனுமதி கிடைத்தாலே திருவிழாதான். ஒருநாள் ராத்திரி மதகுப் பக்கம் நைனாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு நானும் ஆயாவும் ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். டார்ச் என் கையில். மரத்து உச்சி, தண்ணீர், வானம் என்று எல்லா இடத்திலும் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படியே கரைச் சரிவில் அடித்தேன்.

புதருக்குப் பின்னாலிருந்து ஐந்தாறு பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து நின்றார்கள். புடவையை இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எனக்கு முதலில் புரியவில்லை. வெளிச்சத்தையும் எடுக்கவில்லை. ஆயா என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

''கீழ அடிடா! உன் காலுக்கு வெளிச்சம் போதும். ஊருக்கு இன்னாத்துக்கு?''

நாங்கள் கடந்து போகும்வரை அவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அதில் ஒருத்தி, பள்ளிக்கூட வாசலில் மாங்காய்ப் பத்தை விற்கிற அக்கா. எனக்கு எப்போதும் ஒரு பத்தை கூடக் கொடுப்பவள். மறுநாள் அவள் என் முகத்தைப் பார்க்காமல் காசை வாங்கினாள். அதன்பிறகு நான் மாங்காய் வாங்கப் போனதில்லை.

இப்போதும் நெடுஞ்சாலை ஓரங்களில் விடியற்காலை பஸ்ஸில் போகும்போது ஹெட்லைட்டில் சட்டென்று எழுந்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில்கூட நாட்டில் 19 சதவிகித வீடுகளுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்றுதான் கணக்கு வந்தது. அவர்களுக்கு இருட்டுதான் கதவு, இருட்டுதான் தாழ்ப்பாள். அதை ஒரு பட்டனைத் தட்டி உடைக்க முடிந்தது பன்னிரண்டு வயதுப் பையனால்.

டார்ச்சில் ஒரு விசித்திரம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அகல் விளக்கை எடுத்து வருகிறவன் முகம்தான் முதலில் தெரியும். டார்ச் பிடித்தவன் முகம் தெரியவே தெரியாது. அவன் எல்லோரையும் பார்ப்பான், அவனை ஒருவரும் பார்க்க முடியாது. வெளிச்சம் பட்டவனுக்கோ கண் போய்விடும். இருட்டுக்கு நம் விழித்திரை முழுசாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும். அந்தப் பழக்கத்தை ஒரே விநாடி வெள்ளை வெளிச்சம் கலைத்துப்போட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால்தான் ஆயா சொன்னதை ஐம்பது வருஷமாக என் கட்சியாக வைத்திருந்தேன். விளக்கு என் காலுக்கு, உன் முகத்துக்கு இல்லை. நாகரிகமும் அதுதான், பாதுகாப்பும் அதுதான். கண்ணாடி விரியன் காலடியில்தானே கிடக்கிறது, ரெண்டு கிலோமீட்டர் தள்ளியா? 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற இந்தப் பக்கத்தில்தான் வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

ஆகவே, யோசித்து, ஒற்றை பேட்டரி போடுகிற குட்டி டார்ச்சாக எடுத்தேன். குவியாமல் அகலமாகப் பரவுகிற மெல்லிய வெளிச்சம். ''லேடீஸுக்கா சார்? அப்ப ஓகே'' என்றார் தம்பி. ரொம்பப் பெருமையாக ஊருக்குக் கொண்டுபோனேன்.

அவள் வாசலில் நின்று அடித்துப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

''இன்னா மாமா, இது காலைத்தான் காட்டுது?''

''அதுக்குத்தானே டார்ச்சு?''

''எனக்கு வழி தெரியும் மாமா. கண்ணைக் கட்டி வுட்டாக்கூட வூட்டுக்கு வந்துடுவேன். எதிர்ல நிக்கறது யாருன்னுதான் தெரியல.''

அப்புறம்தான் முழு விஷயமும் வந்தது. மதகுத் திருப்பத்தில் நாலு நாளாக ஒரு பைக் நிற்கிறதாம். மேலே ஒரு ஆள். சிகரெட் நெருப்பு மட்டும் தெரியுமாம். பேசுவதில்லை, தொடர்வதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

''அவன் என்னைப் பாக்கறான். ஹைவே வெளிச்சம் என் முதுகுல இருக்குது இல்ல? நான் அவனைப் பாக்க முடியல.''

அம்பது வருஷக் கட்சி அந்த இடத்தில் ஆட்டம் கண்டுவிட்டது.

பெண்கள் இரவு ஏழிலிருந்து காலை ஆறுவரை தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது. நல்ல தீர்ப்பு. இருட்டைக் காரணம் காட்டி அவளைப் பூட்டிவைக்காதே என்றது. ஆனால், எந்தத் தீர்ப்பும் கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்குக் கூடவே நடந்து வராது.

விடாமல் கேட்டேன். ''சரிம்மா, எதிர்ல வர்றவன் ஒண்ணும் தெரியாத ஆளா இருந்தா? பாவம், கண்ணு கூசி நிலைதடுமாறி விழுந்தா?''

''சாரின்னுவேன். அவரு நாலு வார்த்தை திட்டுவாரு. வாங்கிக்கறேன்.'' கொஞ்சம் நிறுத்தி, ''நான் அடிக்காம வுட்டு, அவன் ஒண்ணும் தெரியாத ஆளா இல்லாட்டி?'' என்றாள்.

பதில் சொல்லுங்கள், பார்ப்போம். என்னால் முடியவில்லை. தராசின் ஒரு தட்டில் யாரோ ஒருவரின் ரெண்டு நிமிஷக் கூச்சம். இன்னொரு தட்டில் இருப்பது வேறு. 'எல்லோருக்கும் ஒரே நியாயம்' என்று மேடையில் சொல்வது சுலபம். கரைச் சரிவில் நான் அடித்ததும், மதகுத் திருப்பத்தில் இவள் அடிக்கப்போவதும் ஒரே செயல்தான். விரல் ஒன்று, பட்டன் ஒன்று, முகம் ஒன்று. ஆனாலும் ரெண்டும் ஒன்றில்லை. அங்கே இருட்டு தேவைப்பட்டவர்களிடமிருந்து நான் அதைப் பிடுங்கினேன். இங்கே இருட்டை வைத்திருப்பவன் அவன்.

அதற்காக, பயமாக இருந்தால் யார் முகத்திலும் அடிக்கலாம் என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் ஜோடியின் முகத்தில் டார்ச் அடித்து மிரட்டுகிறவர்களும் கலாசாரத்துக்குப் பயந்துதான் அடிப்பதாகச் சொல்கிறார்கள். அசலூர்க்காரன் ராத்திரியில் வழிகேட்டு நின்றால் முகத்தில் வெளிச்சம் போட்டு விசாரிக்கிற கூட்டமும் பயத்தைத்தான் சொல்லும். யாருக்குப் பயப்பட உண்மையிலேயே காரணம் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதைக் கேட்க வேண்டியவனே டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால், தனக்குச் சாதகமாகத்தானே பதில் சொல்லிக்கொள்வான்? இந்த இடத்தில் இன்னும் எனக்குத் தெளிவு வரவில்லை.

மறுவாரம் மீண்டும் ரிச்சி தெரு. குட்டி டார்ச்சை நானே வைத்துக்கொண்டேன், இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவளுக்கு வேறு ஒன்று எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும். பின்பக்கப் பட்டனை லேசாகத் தொட்டால் காலுக்கு மட்டும் மெல்லிய வெளிச்சம். அழுத்திப் பிடித்தால் எதிரே இருப்பது எதுவானாலும் பட்டப்பகல். விரலை எடுத்தால் அணைந்துவிடும். எழுநூறு சொல்லி அறுநூறுக்குக் கொடுத்தார் தம்பி.

ஆயாவின் கதையையும் அவளிடம் சொன்னேன். மாங்காய் அக்காவைப் பற்றியும். முழுசாகக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வாசல் லைட்டை அணைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று, பட்டனை அழுத்தினாள். என் முகத்தில்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கை தானாக முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. எங்கே நிற்கிறாள், சிரிக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. என் வாசலிலேயே நான் யாரோ போல நின்றேன்.

''கூசுதா மாமா?''

''கூசுதும்மா. எடு.''

எடுக்கவில்லை. இன்னும் ஒரு விநாடி வைத்திருந்தாள். அப்புறம் வெளிச்சம் மெல்ல இறங்கி, எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் தரையில் விழுந்தது.