கணக்கு வராது என்று தீர்ப்பெழுதியவர் யார்?

"அவளுக்குக் கணக்கு வராதுங்க." எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அம்மா சொல்கிறார். ஆசிரியர் தலையாட்டுகிறார். ஜாதகம் பார்த்தவர் புதன் நீசம் என்று முன்பே சொல்லிவிட்டாராம். மீன ராசியில் புதன் நின்றால் நீசம் என்பது அவர்கள் கணக்கு. ஆண்டுதோறும் சில வாரங்கள் அது அங்கேதான் நிற்கிறது. அப்படியானால் அந்த வாரங்களில் டோக்கியோவிலும் கெய்ரோவிலும் திண்டிவனத்திலும் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வகுத்தல் வராதா? ஜாதகத்தை நம்பாத வீட்டில் வேறு காரணம் இருக்கிறது: "எங்க பரம்பரையிலேயே யாருக்கும் கணக்கு வராது." புதன் போய் ரத்தம் வந்திருக்கிறது, தலையெழுத்து அப்படியே இருக்கிறது. பிறப்பைப் பார்த்துப் படிப்பை அளந்த குலக்கல்வித் திட்டத்தை 1953-இல் எதிர்த்து, அடுத்த ஆண்டே விரட்டிய மண் இது. அதே கருத்தை நம் வீட்டுக்குள் மட்டும் ஏன் வளர்க்கிறோம்?

வகுப்பறைக்குள் போவோம். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்று ஒரு பையன் கேட்கிறான். "அது ரூல், எழுதிக்கோ." இது மந்திரம் ஓதுகிறவர் பேச வேண்டிய பேச்சு அல்லவா? 3-ஐ மைனஸ் 2-ஆல் பெருக்கினால் மைனஸ் 6. 2-ஐப் பெருக்கினால் மைனஸ் 4. 1-ஐப் பெருக்கினால் மைனஸ் 2. 0-ஐப் பெருக்கினால் 0. படிக்குப் படி விடையில் 2 கூடுகிறது. அடுத்த படி மைனஸ் 1. விடை என்னவாக இருக்க வேண்டும்? பையனே சொல்லிவிடுவான். வரலாற்றுப் பாடத்தில் ஆசிரியர் சொல்லும் ஆண்டை மாணவர் நம்பித்தான் ஆக வேண்டும். கணக்கில் அந்தக் கட்டாயம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுந்து, "சார், மூணாவது வரி தப்பு" என்று நிறுவிக் காட்டலாம். சார் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். வயது, சாதி, பதவி எதுவும் அங்கே செல்லாது. அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டு மனப்பாடம் செய்யச் சொன்னால், பிள்ளை கணக்கை வெறுக்காமல் வேறென்ன செய்யும்?

அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் அவர்களில் ஒருவர். நாம் ராகு காலம் பார்க்க மாட்டிவைத்திருக்கும் காலண்டரைக் கொண்டே கணக்கு விளையாட்டுப் புத்தகம் எழுதியவர். மாதத் தாளில் மூன்றுக்கு மூன்று ஒரு சதுரம் போடுங்கள். 9, 10, 11. கீழே 16, 17, 18. அதற்கும் கீழே 23, 24, 25. ஒன்பதையும் கூட்டினால் 153. நடுவிலுள்ள 17-ஐ 9-ஆல் பெருக்கினாலும் 153. வேறு சதுரம்? வேறு மாதம்? பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள், எப்போதும் பலிக்கும். ஏன் என்று கேட்பதுதான் பாடம். 17-க்கு ஒரு பக்கம் 1 கூடினால் எதிர்ப்பக்கம் 1 குறைகிறது, மேலே 7 குறைந்தால் கீழே 7 கூடுகிறது, மூலைகளும் அப்படியே. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை இயற்கணிதத்துக்குள் வந்துவிட்டது. இனி அதனிடம் 'எக்ஸ்' என்று சொன்னால் பயப்படாது.

பயமும் கற்பிக்கப்படுவதுதான். உளவியலாளர் சியான் பெய்லாக்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வை 2010-இல் வெளியிட்டார்கள். கணக்குக்கு அஞ்சும் ஆசிரியைகளிடம் ஓராண்டு படித்த சிறுமிகள் பலர், ஆண்டு முடிவில் 'கணக்கு ஆண்பிள்ளைகளுக்கு உரியது' என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் மதிப்பெண்ணும் பின்தங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஓராண்டில் ஒட்டிக்கொண்ட எண்ணத்தைப் பிறவிக் குணம் என்று எந்த வாயால் சொல்வது?

இதற்கு விலை கொடுப்பவர் யார்? "வடிவியலும் வரைபடமும் மட்டும் போடு, 16 மார்க் வந்துரும், மீதியை ஒட்டுப்போட்டுப் பாஸாயிடலாம்" என்று பத்தாம் வகுப்பில் ஒதுக்கப்பட்ட பெண், பத்து ஆண்டு கழித்துக் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார். 10,000 ரூபாய், 12 சதவீத ஃபிளாட் வட்டி, மாதத் தவணை 933 ரூபாய், ஓராண்டு. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ கடைசி வரை முழு 10,000-க்கும் போடப்படுகிறது. உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். அதைப் போட்டுப் பார்க்கும் துணிச்சலை அவரிடமிருந்து பறித்தது வட்டிக்காரர் இல்லை. அவர் வருவதற்கு முன்பே நாம் பறித்துவிட்டோம்.

உடனே ராமானுஜனை இழுப்பார்கள்: நாமகிரித் தாயார் கனவில் வந்து கொடுத்ததாம், எல்லோருக்கும் கிடைக்குமா? கும்பகோணத்தில், கார் என்பவர் எழுதிய தேற்றத் தொகுப்பை வைத்துக்கொண்டு, சிலேட்டில் எழுதி எழுதி அழித்த அந்த உழைப்பு எங்கே போயிற்று? அவர் தன் திறமையைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கையைக் காட்டி இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கதவடைக்க நமக்கு உரிமை கிடையாது.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. யோசித்துத்தான் தவறியிருக்கிறது. "மரமண்டை" என்பவர் அந்த யோசனையைக் கொல்கிறார். "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், அரையை விடக் குறைஞ்சிடுச்சே, எப்படிம்மா?" என்று கேட்பவர் அதை வளர்க்கிறார். மனத்தைப் புண்படுத்தும் தண்டனை கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. முதல்வகைப் பேச்சை ஆசிரியரின் கண்டிப்பு என்று மன்னித்துக்கொண்டிருப்பது நாம்தான்.

எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றவே நேரம் போதவில்லை என்கிறார் ஆசிரியர். உண்மைதான். அந்த நேரத்தை மீட்டுத் தரச் சொல்லி அரசிடம் கேட்க வேண்டியவர்கள் பெற்றோரும்தான். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும்போது இதையும் எழுதுங்கள்: எந்தப் பிள்ளையையும் 'வராது' என்று சொல்லி அனுப்பக் கூடாது; பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த மாதத்துக்குள் அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்று பெற்றோருக்கு எழுதித் தர வேண்டும்.