சொல்லாமல் போய்ப் பார்க்கலாமா?

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளையை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் திடீரென்று போய்ப் பார்ப்பது அன்பா, வேவா? உடன்குடியில் ஒரு வீட்டு ஜெபம் முடிந்த பிறகு ஒரு சகோதரர் இதைக் கேட்டார். "சர்ப்ரைஸா போய் நிக்கணும் பிரதர், அப்பத்தான் பையன் முகத்துல உண்மை தெரியும்" என்றார். சந்தோஷப்படுத்தப் போகிறாரா, சோதிக்கப் போகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான் இருக்கும்.

பிரியமானவர்களே, அவர் ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளை உண்மையைச் சொல்லாது. கணித மேதை ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் வளர்ந்தவர், 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறி ஏப்ரல் 14-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. மாமிசம் தொடாதவர், தானே சமைத்துச் சாப்பிட்டார். அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவர் மகலனோபிஸ். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உண்டாக்கினவர். குளிர் தொடங்கின ஒரு நாள் ராமானுஜனிடம், ராத்திரியில் குளிராமல் தூங்க முடிகிறதா என்று கேட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிருகிறது என்றார் ராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்காக இருந்தன. ஆனால் எல்லாம் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு போட்டிருந்தது. கம்பளியை விலக்கி அதற்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது! அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

இதை எந்தப் பிள்ளையாவது வீட்டுக்கு எழுதுமா? தனக்கே தெரியாததை எப்படி எழுதும்? தெரிந்ததைக்கூட எழுதாது. அம்மா அழுவாள் என்று மறைக்கும். ஆகவே நேரில் போய்ப் பார்க்கிறதற்கு ஈடு இல்லை. இதுவரைக்கும் சகோதரர் பக்கம்தான் நானும்.

ஆனால் இந்தச் சம்பவத்தில் உண்மை எப்படி வெளியே வந்தது என்று கவனியுங்கள். அவர் முதலில் கேட்டார். "சுகமா இருக்கியா" என்று பொதுவாகக் கேட்கவில்லை, ராத்திரி குளிருதா என்று கேட்டார். அதே குளிரில் வாழ்கிறவன் கேட்கிற கேள்வி அது. நாம் போனில் கேட்கிறதெல்லாம் சாப்பிட்டியா, ஜெபிச்சியா, பாஸாயிட்டியா. அதற்கு வருகிற பதிலும் ஒரே பதில்தான்.

இன்னொன்று. பிள்ளை மட்டுமா மறைக்கிறது? கொடிமுந்திரித் தோட்டம் வைத்திருக்கிறவர்களா நாம்? நகை அடகில் இருப்பதையும், அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி கால்புண் ஆறாமல் இருப்பதையும் எத்தனை வீட்டில் பிள்ளையிடம் சொல்லுகிறோம்? "படிக்கிற பிள்ள மனசு கலங்கிரும்." சரி. அப்போ திடீரென்று போய்க் கதவைத் தட்டுகிறபோது அவன் மூடி வைத்தது மட்டும் திறந்துபோகிறது. நாம் மூடி வைத்தது உடன்குடியில் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கிறது. இது சமமான காரியமாக எனக்குப் படவில்லை.

ஈசாய் தாவீதை யுத்தகளத்துக்கு அனுப்பின சம்பவம் உங்களுக்குத் தெரியும். வறுத்த தானியமும் பத்து அப்பமும் கொடுத்து, அண்ணன்மார் மூன்று பேரையும் நலம் விசாரித்து வரச் சொன்னார். தம்பி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். மூத்தவன் எலியாப் சந்தோஷப்பட்டானா? கோபத்தில் கொதித்தான். பொறாமை என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நாற்பது நாளாக ஒரு பெலிஸ்தன் காலையும் மாலையும் சவால் விடுகிறான், எதிரே போக ஒருவனுக்கும் தைரியமில்லை. அந்த வெட்கத்தின் நடுவிலே வீட்டு ஆள் ஒருவன் வந்து பார்த்துவிட்டான். கொண்டுவந்த அப்பம் எலியாப் கண்ணில் படவில்லை, தம்பி பார்த்துவிட்டான் என்பதுதான் பட்டது.

சாமுவேலின் தாய் அன்னாள் வேறு மாதிரி. பிள்ளையை ஆலயத்தில் விட்டுவிட்டு, வருஷா வருஷம் பலிசெலுத்த வருகிறபோது ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுவருவாள். எப்போது வருவாள் என்று பிள்ளைக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பிள்ளைக்கு அளவு எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் யோசித்ததுண்டு. அடுத்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனக்கணக்காகத்தான் வெட்டியிருக்க வேண்டும்.

நடைமுறையையும் பார்ப்போம். பிரிட்டனில் பட்டப்படிப்புக்குப் போன மாணவன் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். அதில்தான் வாடகையும் சாப்பாடும். பரீட்சை வாரத்தில் நாம் போய் நின்றால், அவன் வேலைக்கு லீவு போட்டு நம்மைச் சுற்றிக்காட்ட வேண்டும். நாம் சந்தோஷம் கொடுத்தோம் என்று திரும்பி வருவோம், அந்த மாத வாடகைக்கு அவன் யாரிடமோ கடன் வாங்குவான்.

எங்க சொந்தத்தில் ஒரு அக்கா லண்டனில் படிக்கிற மகனைப் பார்க்கப் போனாவ. விசா, டிக்கெட் எல்லாம் ரகசியம். "சொல்லிட்டுப் போங்க அக்கா" என்று நான் சொன்னேன். மனசில்லாமல்தான் ஒரு வாரத்துக்கு முந்தி சொன்னாவ. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு பையன், "அம்மா, நான் சொன்ன ரூம்ல இப்ப இல்ல. ஏழு பேரு சேர்ந்து ஒரு வீட்டுல இருக்கோம். நீங்க வந்தா அடுக்களையிலதான் படுக்கணும்" என்றானாம். ரெண்டு வருஷமாகச் சொல்லாததை அந்த ஒரு வாரம் சொல்ல வைத்தது. அக்காவும் அன்றைக்கே தன் வளையல் ரெண்டும் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டாவ. சொல்லாமல் போயிருந்தால் அதே வீட்டைத்தான் பார்த்திருப்பாவ. ஆனால் அவன் பிடிபட்டவனாக நின்றிருப்பான். ஏதேனில் எல்லாம் அறிந்தவரே, ஆதாம் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். அவனாகப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது.

அதற்காக எப்போதும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. பிள்ளையின் குரல் மாறிப்போனால், நாலு நாள் போன் எடுக்காவிட்டால், அனுமதி கேட்டு உட்காரக் கூடாது. கடன்பட்டாவது ஓட வேண்டும். ராமானுஜன் 1917-ல் வியாதிப்பட்டு சானடோரியங்களில் கிடந்தார். 1918-ல் லண்டனில் ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விடப் பார்த்தார். அந்த வருஷம்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது! வெளியே புகழ், உள்ளே இருட்டு. யுத்த காலம், கடல் தூரம், வீட்டு ஆள் ஒருவரும் போய்ச் சேரவில்லை. அவருக்கும் மனைவி ஜானகிக்கும் நடுவே கடிதங்கள்கூட ஒழுங்காகப் போய்ச் சேராமல் மாமியார் தடுத்தார் என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1919 மார்ச் 27-ல் அவர் பம்பாயில் வந்து இறங்கினார். அன்றைக்கு எதிர்கொள்ள வீட்டார் போயிருந்தார்கள், அம்மாவும் தம்பியும். இறங்கினவர் தேடினது ஜானகியை. அவரை யாரும் அழைத்துவரவில்லை.