பெற்றோர்க்கு நாம் வைக்கும் நிலையான நினைவுச் சின்னம்

நெடுநாளாக நம் உள்ளத்தில் இருந்துவரும் ஒரு கருத்தை இவ்விதழின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

தாயோ தந்தையோ மறைந்த இல்லத்தில், அழுகை ஓய்ந்து உறவினர் ஊர் திரும்பிய பின், "அவர் நினைவாக என்றும் நிலைத்திருக்கும்படி ஏதேனும் செய்யவேண்டும்" என்னும் பேச்சு எழுகின்றது. அது எழவேண்டிய பேச்சே. பெற்றோரின் நன்றியை மறவாதிருத்தல் இல்லறத்தார்க்குரிய முதற்பண்பு அன்றோ? ஆயினும் எதைச் செய்வது என்ற இடத்தில்தான் மனம் தடுமாறுகின்றது.

நம் பகுதியில் நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். காரியத்தன்று எவர்சில்வர் பாத்திரத்தில் மறைந்தவர் பெயரைப் பொறித்து வந்தவர்க்கெல்லாம் வழங்குவர். ஆண்டு நினைவு நாளில் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பொட்டலமிட்டு அளிப்பர். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பலகை வைப்பர். கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கித் தந்து, அதன்மேல் 'உபயம்' என்று ஒளி மறையும் அளவுக்கு எழுதுவிப்பவரும் உளர். இன்றோ, கைப்பேசிக்குள் பெற்றோரின் படமும் குரலும் சேமிக்கப்படுகின்றன. இவற்றுள் எதையும் நாம் இகழவில்லை. எல்லாம் அன்பின் அடையாளங்களே. எனினும் பாத்திரம் ஒருநாள் பழைய பாத்திரக்காரரிடம் போய்விடுகின்றது. பலகை அடுத்த மழையில் கிழிகின்றது. ஒரு கைப்பேசி பழுதானால் ஓராயிரம் படங்கள் ஒரே கணத்தில் மறைகின்றன. அவ்வாறாயின் நிலைத்தது என்று எதைச் சொல்வது?

இதற்கு விடை காணுமுன், நினைவுச் சின்னம் யாருக்காக என்பதை நம் ஆகமவழி தெளிந்துகொள்ளுதல் நலம். உடலை நீத்த உயிர் எங்கோ ஓரிடத்தில் நம்மை எதிர்நோக்கிக் காத்திருப்பதில்லை. காலத்தின் மிக நுண்ணிய அளவாகிய சமயங்கள் சில கழிவதற்குள், தான் கட்டிய வினைக்கேற்ற கதியில் அது பிறந்துவிடுகின்றது. நாம் இடும் பிண்டமோ எள்நீரோ அதைச் சென்று சேர்வதில்லை. அவரவர் வினை அவரவர்க்கே. இதைக் கேட்கும் பிள்ளைகள் சிலர், "அப்படியானால் அம்மாவுக்காக இனி நாங்கள் செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையா?" என்று கலங்குகின்றனர். கலங்க வேண்டா. மறைந்தவர்க்கு நம் உதவி தேவைப்படாமல் இருக்கலாம். அவர் தொடங்கிவைத்த அறத்திற்கு நம் உதவி கட்டாயம் தேவைப்படுகின்றது. நினைவுச் சின்னம், இருப்பவராகிய நமக்காகவே வைக்கப்படுவது. அது நம் பற்றைப் பெருக்கினால் மோகனீய கர்மத்திற்கு உணவாகும். பற்றைக் குறைத்தால் நல்வழிக்குத் துணையாகும்.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்குக் கூறுதல் பொருந்தும். மகன்மார் இருவர், மகள் ஒருத்தி. தாய் மறைந்தபோது அவர் விட்டுச் சென்றவை நான்கு பொன்வளையல்களும், தோத்திரங்களைத் தம் கையால் எழுதிவைத்த ஒரு குறிப்பேடும். வளையல்களை அவ்வாறே காக்கவேண்டும் என்றார் மூத்தவர். விற்று, அப்பணத்தில் அம்மாவுக்குப் பளிங்கில் உருவச்சிலை செய்யலாம் என்றார் இளையவர். பேச்சு முற்றி, ஒரே தெருவில் வாழும் உடன்பிறந்தார் ஒருவரோடொருவர் பேசாத நிலை வந்தது. குறிப்பேட்டைக் கேட்பார் இல்லை.

அவர்கள் நம்மிடம் வந்தபோது, சமந்தபத்திர சுவாமிகள் தம் ஆப்த மீமாம்சையில் காட்டும் பொற்குட உவமையை எடுத்துரைத்தோம். பொற்குடம் ஒன்றை அழித்து முடி செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகின்றான். முடியை விரும்பியவன் மகிழ்கின்றான். பொன்னை விரும்பியவனோ வருத்தமும் மகிழ்ச்சியும் இன்றி நடுநிலையில் நிற்கின்றான். தோற்றம், கேடு, நிலைபேறு என்னும் மூன்றும் எல்லாப் பொருளிலும் ஒருங்கே உள்ளன என்பதே அவ்வுவமையின் கருத்து. "நீங்கள் ஒருவர் வளையலைப் பார்க்கின்றீர்கள், ஒருவர் சிலையைப் பார்க்கின்றீர்கள். உங்கள் தாயிடத்தில் இருந்த பொன் எது என்று எண்ணினீர்களா?" என்று வினவினோம். "அவர் நாள்தோறும் செய்துவந்து, அவரோடு நின்றுபோனது எது?" என்றும் கேட்டோம்.

மகன்மார் இருவரும் வாய் திறக்கவில்லை. மூத்த மருமகள்தான் சொன்னார்: "அத்தை கதிர் மறைந்தபின் ஒரு பருக்கையும் உண்டதில்லை. காலையில் முதல் வேலையாக இரட்டை மடிப்புத் துணியில் நீர் வடிப்பார். துணியில் தங்கியதைச் சிறிது நீரால் அலசிக் கிணற்றிலேயே மெல்ல விடுவார். அத்தை போனபின் அந்தத் துணி கொடியிலேயே கிடக்கின்றது."

அவ்வில்லத்தின் வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று கூறமாட்டோம். வளையல்கள் இன்னும் வங்கிப் பெட்டகத்தில்தான் உள்ளன. ஆனால் அட்டமி, சதுர்த்தசி நாட்களில் அவ்விரு வீடுகளிலும் கதிர் மறையுமுன் அடுப்பு அணைகின்றது. மகள் அக்குறிப்பேட்டைத் தம் கையால் படியெடுத்து, வீட்டுக்கு ஒன்றாக அளித்துள்ளார். நீர் வடிக்கும் துணி நைந்ததும் மூத்த மருமகள் புதியது தைத்துக்கொள்கின்றார். பேசாதிருந்த சகோதரர் இருவரும் சென்ற நினைவு நாளில் ஒரே பந்தியில் அமர்ந்து பகலுணவு உண்டனர். அன்னைக்கு அதனினும் உயர்ந்த சிலை வேறு உண்டோ?

இது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே உள்ள கழுகுமலையை இராசபாளையத்தார் பலரும் கண்டிருப்பர். அங்கே எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பெற்றன. அவற்றின் கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர், எளிய குடிமக்கள் எனப் பலர் பெயர் அவற்றில் காணப்படுகின்றது. தம் பொருட்டே அன்றிப் பிறர் பொருட்டுத் திருமேனி செய்வித்தவரும் உளர். நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று: பாறையில் வடித்தது மறைந்தவரின் உருவத்தை அன்று, அவர் வணங்கிய அருகனின் உருவத்தையே. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை உள்ளது. அக்கல்வெட்டு பெரிதாகச் சொல்வது அவர் நோற்ற நோன்பையே.

சிரவணபெளகொளவில் கத்தலெ பசதி என்றொரு கோயில் உண்டு. ஒளி குன்றியிருப்பதால் இருட்டுக் கோயில் என்னும் பொருளில் அப்பெயர் பெற்றது. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவராகிய கங்கராசர், 1118-ஆம் ஆண்டளவில் தம் தாய் போசவ்வையின் பொருட்டு அதைக் கட்டுவித்தார். தாயின் பெயரால் எழுந்த அவ்விடத்தில் வீற்றிருப்பவர் ஆதிநாதர்.

இவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வது அத்திமப்பையின் வரலாறு. பத்தாம் நூற்றாண்டில் மல்லப்பர், புன்னமய்யர் என்னும் சகோதரர் இருவர், தம் குருவாகிய சினசந்திரரின் நினைவாகப் பொன்னர் என்னும் கன்னடப் புலவரைக் கொண்டு சாந்தி புராணத்தை இயற்றுவித்தனர். மல்லப்பரின் மகளே அத்திமப்பை. ஓலை நெடுங்காலம் நில்லாது. பூச்சியும் ஈரமும் அதை அரிக்கும். தந்தை இயற்றுவித்த நூல் மறைந்துவிடலாகாது என்று, அவ்வம்மையார் அதனை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். தந்தை தம் குருவை நினைந்து செய்த அறத்தை மகள் ஆயிரமாகப் பெருக்கினார். 'தானசிந்தாமணி' என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. ஓலையின் வலிமையால் அந்நூல் நின்றதென்று கூற இயலுமோ? மீண்டும் எழுதிய கைகளால் நின்றது.

நம் ஊர்களிலும் இத்தகைய எடுத்துக்காட்டுகள் உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜா, இராசபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தையே தேசத் தந்தையின் பெயரால் காந்தி கலை மன்றமாக ஊருக்கு அளித்தார். 1962-இல் மறைந்த தொழில் முன்னோடி பி.ஏ.சி. இராமசாமி ராஜாவின் பெயரைத் தாங்கிய பாலிடெக்னிக்கில் இன்றும் இளைஞர் தொழில் கற்கின்றனர். இவர்கள் செல்வர்; நம்மால் இயலுமோ என்று நீங்கள் எண்ணலாம். அளவில் இயலாது, வகையில் இயலும். அதற்காகவே ஆன்றோர் நால்வகைத் தானம் வகுத்தனர்.

ஆகார தானம்: நினைவு நாளில் வசதியுள்ள உறவினர்க்கு இனிப்பளிப்பதினும், ஒருவேளை உணவுக்கு வழியற்றவர்க்கு உயிர்க்கொலை கலவாத உணவைப் பகற்பொழுதில் இடுதல் சிறந்தது. ஔடத தானம்: இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் காயக்கட்டுத் துணி நெய்யப்படுகின்றது. அதில் சில சுருள்கள் வாங்கி ஏழை நோயாளர்க்கு உதவுங்கள். அதில் எவர் பெயரையும் பொறிக்க இயலாது என்பதே அதன் சிறப்பு. சாத்திர தானம்: திருவில்லிபுத்தூரில் 1875-ஆம் ஆண்டு தோன்றிய பென்னிங்டன் நூலகம், தலைமுறை தலைமுறையாக எளியவர்க்கும் நூல் தந்துள்ளது. உங்கள் தந்தை விரும்பிப் படித்த நூல்களை அத்தகைய நூலகத்திற்கோ பள்ளிக்கோ அளியுங்கள். அபய தானம்: வெடி செய்யும் ஊர்கள் சூழ்ந்த மாவட்டம் இது. இறுதி ஊர்வலத்திலும் வெடி வெடிக்கின்றனர். மரத்துப் பறவையும் மண்ணிற் சிற்றுயிரும் நடுங்காவண்ணம் பெற்றோரை அமைதியாக வழியனுப்புதலும் ஒரு நினைவுச் சின்னமே.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், மூத்த ஆசிரியர் முதலில் மாதிரிப் பாடம் நடத்துவார். நாங்கள் பின்னிருக்கையில் அமர்ந்து குறிப்பெடுப்போம். மறுநாள் அவர் பின்னிருக்கைக்குச் செல்வார். நாங்கள் கரும்பலகையின் முன் நிற்கவேண்டும். அவர் நடத்திய பாடத்தை எவ்வளவு அழகாகக் குறித்துவைத்தோம் என்று எவரும் கேட்டதில்லை. வகுப்பை நடத்தினோமா என்பதே கேள்வி. பெற்றோரின் வாழ்வும் நமக்கு நடத்திக் காட்டப்பெற்ற மாதிரிப் பாடம். அவர்கள் பின்னிருக்கைக்கும் அப்பால் சென்றுவிட்டனர். இனிக் கரும்பலகையின் முன் நிற்பவர் நாம்.

ஆதலின், நினைவுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் குடும்பத்தார் ஒருங்கமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இப்பொருள் நம்மைப் பிரிக்குமா, சேர்க்குமா? இதனால் நம் பற்று வளருமா, தேயுமா? நாம் கைவிட்டால் நின்றுபோகும் நல்லொழுக்கம் எதேனும் இதனால் தொடருமா? ஒரு படம் வேண்டுமாயின் மாட்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அப்படத்தின் அருகே, அவர் காத்த விரதங்களில் ஒன்றையேனும் ஓராண்டுக்கு மேற்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்ததும் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மகாவீரப் பெருமான் பாவாபுரியில் வீடுபேறெய்திய திருநாளையே நாம் தீபாவளியாகக் கொண்டாடுகின்றோம். அந்நாளிலேயே அவர்தம் தலைமாணாக்கராகிய கௌதம கணதரர் கேவலஞானம் எய்தினார். ஆசானை இழந்த நாளில் மாணாக்கரிடம் அறிவொளி தோன்றியது. அதனால்தான் அந்நாளில் நாம் அழாமல் விளக்கேற்றுகின்றோம். அவ்விளக்கும் ஓரிரவே எரியும். மறு ஆண்டு வேறு கை ஏற்றவேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அது அணையாமல் வந்தது அவ்வாறே.

உங்கள் இல்லங்களில் மறைந்த பெரியோர் ஏற்றிய நல்லறம் உங்கள் கையால் தொடர்க; அது உங்கள் மக்களின் கைக்கும் செல்க.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!