தரிசு எது?

நிலம் மனிதனுக்குச் சொந்தமா, மனிதன் நிலத்துக்குச் சொந்தமா என்று கேட்பது பழைய வேதாந்தம். அதைவிடச் சிறியதும் வயிற்றோடு சம்பந்தப்பட்டதுமான கேள்வியொன்று உண்டு. ஒருவன் ஒரு நிலத்தைப் பயன்படுத்துகிறான் என்று எப்போது சொல்லலாம்? உழுதால் மட்டுந்தானா? ஆண்டில் நான்கு மாதம் வந்து தங்கிப் போகிறவனுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டா, இல்லையா?

நூலகத்தில் இருந்துகொண்டு இக்கேள்வியை ஆராய்வதைவிட, மாங்கேணியில் நின்று மேற்கே பார்ப்பது நல்லது. வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை வீதியோரம், கடலை அணைத்துக் கிடக்கும் ஊர் அது. காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று அந்தக் கரையோரப் பெயர்களில் மரமும் நீர்நிலையும் சேர்ந்தே நிற்கின்றன. நிழலும் நல்ல தண்ணீரும் கண்ட இடத்தில் மனிதன் குடியிருந்தான் என்பதற்கு வேறு சாசனம் வேண்டியதில்லை.

பள்ளத்தாக்கு என்றதும் இரு மலைச்சுவர்களுக்கு நடுவே பாயும் ஆற்றை நினைக்கிறோம். மட்டக்களப்பில் அந்தக் காட்சி இல்லை. ஊவாவிலிருந்து இறங்கிவரும் மாதுறு ஓயா மாங்கேணிக்குத் தெற்கே வாழைச்சேனைக் களப்பில் கலக்கிறது. மலையை விட்டதும் அதன் பள்ளத்தாக்கு அகன்று, தட்டையாகி, ஒரு தாம்பாளம் போலாகிவிடுகிறது. இங்கே உயரம் என்பது அடிக்கணக்குத்தான். தாழ்ந்த வட்டைகள் நெல்லுக்கு. கடலோர மணல்மேடு தென்னைக்கும் மரமுந்திரிகைக்கும். மேற்கே சற்று உயர்ந்த காட்டோரம் சேனைக்கும் மேய்ச்சலுக்கும். இரண்டடி உயர வேறுபாடு ஒரு குடும்பத்தின் தொழிலையே வேறாக்கிவிடும்.

காற்றும் இந்த நில அமைப்புக்குக் கட்டுப்பட்டதே. யூன், யூலை மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. ஈரக்காற்று மேலேறும்போது ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகை குளிரும். வறண்ட பின் கீழிறங்கும்போது அதே தூரத்துக்கு 10 பாகை சூடேறும். வாங்கிய குளிரைவிடத் தரும் வெம்மை அதிகம். அந்த மிச்ச வெம்மையைத்தான் மட்டக்களப்பார் கச்சான் என்கிறார்கள். (பெயரைக் கேட்டு யாழ்ப்பாணத்து வாசகர் நிலக்கடலையை நினைக்க வேண்டாம்.) கச்சான் வலுத்த நாளில் கடற்காற்றுக்கும் வழியில்லை, வெப்பம் 37 பாகையை நெருங்கும், புல் கருகும். மேற்குச் சரிவில் மழை நனைத்த அதே காற்று இங்கே வந்து குளத்தைக் குடிக்கிறது. பிறகு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையின் காலம். ஆண்டு மழையின் பெரும்பங்கு அப்போதுதான் விழும். தாம்பாளம் நிரம்பும். 2011 ஜனவரியில் அது நிரம்பி வழிந்து, கிழக்கு மாகாணமே வெள்ளத்தில் மிதந்ததை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த இரு பருவங்களுக்கும் ஏற்பப் படுவான்கரையில் ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. பெரும்போகம் விதைத்ததும் வயலில் மாட்டுக்கு இடமில்லை, வெள்ளமும் வரும். ஆகவே பட்டிகள் மேற்கே, மேட்டுக் காட்டுவெளிக்குச் செல்லும். மயிலத்தமடு, மாதவனை என்னும் மேய்ச்சல் தரைகள் அப்படிப்பட்டவை. அறுவடை முடிந்ததும் மாடுகள் மீண்டும் கீழிறங்கி, ஒட்டுக்கதிரும் வைக்கோலும் தின்று, வயலுக்கு எருவும் இடும். மேடும் பள்ளமும் ஒரே பொருளாதாரத்தின் இரு கைகள். ஒன்றை வெட்டினால் மற்றது முடமாகும்.

பட்டிக்காரரெல்லாம் பரம ஏழைகள் என்று வாதாட நான் வரவில்லை. நூற்றுக்கணக்கான மாடுகளுக்குச் சொந்தக்காரரான போடியார் ஊரில் இருப்பார்; காட்டு வாடியில் யானைக்கும் மழைக்கும் இடையே விழித்திருப்பவன் கூலிக்காரன். அந்தக் கணக்கும் ஒருநாள் தீர்க்கப்பட வேண்டியதே. ஆனால் தரையே பறிபோனால் அந்தக் கூலிக்காரன்தான் முதலில் தெருவுக்கு வருவான்.

மாதுறு ஓயாவுக்கு அணை கட்ட இடந்தேர்ந்தபோது, அதே இடத்தில் பழங்காலத்து மதகொன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. நிலத்தை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எக்காலத்திலும் ஒன்றையே சொல்லும் போலும்! கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட புதிய அணை 1983இல் திறக்கப்பட்டது. மகாவலித் திட்டத்தின் படத்தில் மேய்ச்சல் தரைகளும் அடங்கின. படத்தில் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, குடியேற்றம் உண்டு. நான்கு மாதத்துக்கு மட்டும் நிறையும் பட்டிக்கு அதில் நிறமில்லை.

இந்தக் குருட்டுத்தனம் பொறியியலாளர் கண்டுபிடித்ததன்று. நிலத்தில் உழைப்பைக் கலப்பவனுக்கே நிலம் என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் எழுதினார். உயர்ந்த கருத்துத்தான். ஆனால் அவர் உழைப்பென்று கண்டது வேலியும் ஏருமே. அமெரிக்கப் பழங்குடிகளின் பெருவெளி அவருக்கு வெறுநிலமாகப் பட்டது. அந்தப் பார்வைதான் 1840இல் இலங்கையில் 12ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், எதிர்ச்சான்று காட்டாதவரை, முடிக்குச் சொந்தம் என்றது அது. மலைநாட்டு விவசாயியின் காட்டுவெளி கோப்பித் துரைமாருக்குப் போன வழி அது. முடி போயிற்று, தரிசு என்ற சொல் போகவில்லை.

வெளியிலிருந்து வந்து அங்கே உழுதவனும் ஏழைதானே, சோளம் பசியாற்றாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நிலமில்லாத சிங்கள விவசாயியை, நிலமிருந்தும் காகிதமில்லாத தமிழ்ப் பட்டிக்காரனுக்கு எதிரே நிறுத்தி வைத்தவர்களை அக்கேள்வி மறைத்துவிடக் கூடாது. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது நில அமைப்பன்று. மழையும் கச்சானும் இனம் பார்ப்பதில்லை. எந்த மேட்டை யாருக்கு எழுதுவது என்று தீர்மானித்தவை கந்தோர்கள்.

2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்று முறையிட்டார்கள். அவர்கள் கேட்டது பெரிதன்று: அத்துமீறி உழுதவர்கள் அகல வேண்டும், மயிலத்தமடுவும் மாதவனையும் மேய்ச்சல் தரையென வர்த்தமானியில் அறிவிக்கப்பட வேண்டும். அறிவித்தலென்றால் எல்லை வேண்டும். நில அளவையாளர் கல் நடுவார். மாட்டின் எல்லையோ மழையைப் பொறுத்து நகரும். வெள்ளம் பெரிதான ஆண்டில் அது மேற்கே போகும், சிறிதான ஆண்டில் வயலோரமே நிற்கும். அந்தக் கல்லை எங்கே நடுவதென்று, நாற்பது மாரி அந்தக் காட்டில் விழித்திருந்த கூலிக்காரனைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவனிடம் உறுதி இல்லை. பட்டி போகும் தடம் மட்டும் தெரியும்.