புனைவின் உரிமையும் மாண்டோரின் வழக்கும்

திப்பு சுல்தானைக் குறித்து 2006ஆம் ஆண்டில் பெங்களூரின் விஜய கர்நாடகா நாளிதழில் கன்னட நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பாவும் நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடும் நடத்திய விவாதம், ஓர் அரசனின் நற்பெயரைப் பற்றியதாகத் தோன்றினும், துன்புற்று மாண்டோரைக் கதையாக்கும் கலைஞனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் கேள்வியையே உள்ளடக்கியிருந்தது. திப்பு தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதிய கனவுக் குறிப்புகளிலிருந்து கர்னாட் நாடகம் படைத்தவர். திப்புவின் மதக்கொடுமைகளை இத்தகையோர் மூடி மறைக்கின்றனர் என்பது பைரப்பாவின் குற்றச்சாட்டு.

இந்திய அழகியல் கர்னாடின் பக்கமே நிற்பதாகத் தோன்றும். ரசத்துக்கு, அதாவது படைப்பில் நுகரப்படும் சுவைக்கு, ஒவ்வாத நிகழ்ச்சியைக் கவிஞன் விலக்கி வேறொன்றைப் புனையலாம் என்றும், நடந்ததைச் சொல்லும் பணி இதிகாசத்தாலேயே நிறைவேறிவிடுகிறது என்றும் ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீர அறிஞர் ஆனந்தவர்த்தனர் வாதிட்டார். காளிதாசனும் மகாபாரதத்தில் இல்லாத துர்வாசரின் சாபத்தைச் சேர்த்து, சகுந்தலையை அறியேன் என்ற துஷ்யந்தனின் பழியைத் துடைத்தான். ஆயினும் அவையில் இருந்தோர் மூலக்கதையை அறிந்தவர்கள் ஆதலால், அந்தப் புனைவால் ஏமாந்தவர் எவருமில்லை. ஆனந்தவர்த்தனர் அளித்த உரிமை இந்த முன்னறிவை நம்பியே நிற்கிறது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

நாஜிகள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்ற இனப்படுகொலையை நாவல் வழியாக மட்டுமே அறியும் வாசகனுக்கு அந்த முன்னறிவு கிடையாது. ஜான் பாய்ன் 2006இல் வெளியிட்ட நாவலில், வதைமுகாமின் தளபதியுடைய ஒன்பது வயது மகன், வேலிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் யூதச் சிறுவனோடு நட்புக் கொள்கிறான். ஆஷ்விட்சுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களுள் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர் என்பதால் அந்தச் சந்திப்பு நடந்திருக்க வாய்ப்பு அரிது. அதுகூடச் சிறிய பிழைதான். எதையும் அறியாத ஜெர்மானியச் சிறுவன் என்னும் புனைவு, துர்வாச சாபத்தைப் போலவே பழியைத் துடைக்கிறது என்பதும், வாசகனின் கண்ணீர் முடிவில் தளபதியின் மகனுக்காகவே பெருகுகிறது என்பதும் அதனினும் பெரியவை. இன்று நினைவகமாக உள்ள அந்த முகாமின் நிர்வாகமே, அவ்வரலாற்றைப் பயில்வோர் அந்நூலைத் தவிர்க்க வேண்டுமென 2020இல் அறிவித்தது.

உண்மையும் அழகும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவரான பைரப்பா, 2007இல் வந்த தம் ‘ஆவரணா’ நாவலுக்குள்ளேயே ஆதார நூல்களின் பட்டியலைச் சேர்த்ததை, வாசகனிடம் இல்லாத முன்னறிவை அவன் கையில் கொடுக்கும் முயற்சியாகக் கொள்ளலாம். (அதைத் தேடிப் படிப்போர் எத்தனை பேர் என்பது வேறு.) ஆனால் பட்டியல் நிகழ்ச்சிகளுக்குத்தான் சாட்சி, எவற்றைத் தெரிந்தெடுத்தார், எதிர்த்தரப்புக்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதற்குச் சாட்சியன்று. பைரப்பா வாதிடுபவரே அன்றிக் கதைசொல்லி அல்லர் என்று கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி சாடியது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது.