இடமில்லாத வீடு

மார்கழி பிறந்துவிட்டால் கிறிஸ்தவ இல்லங்களிலே ஒரு சொல் ஓயாது ஒலிக்கத் தொடங்குகின்றது. அது "சமாதானம்" என்ற சொல்லன்று. "மகிழ்ச்சி" என்ற சொல்லுமன்று. "நேரமில்லை" என்பதே அச்சொல். பாலன் பிறப்பை வரவேற்க ஆயத்தஞ் செய்கின்றோம் என்று சொல்லிக்கொண்டே, அயலவர் வந்தால் அமர்ந்து பேச நேரமில்லாதவர்களாக, நோயாளியைச் சென்று பார்க்க நேரமில்லாதவர்களாக, ஈற்றிலே பெற்ற பிள்ளைகளின் முகத்தை நோக்கவும் நேரமில்லாதவர்களாக ஆகிவிடுகின்றோம். இந்த நேரமின்மை எங்கிருந்து வருகின்றது? இதன் விலையை யார் கொடுக்கின்றனர்? ஒரு பண்டிகையின் மகிழ்ச்சி பிறருடைய ஓய்வின்மைமீது கட்டப்படுமாயின் அதனை மகிழ்ச்சி எனலாமா? இவ்வினாக்கள் எங்கள் குடும்பத்திலே ஒரு நத்தார் காலையில் எழுந்தன. இவை ஒரு குடும்பத்துக்கோ ஒரு மதத்தினருக்கோ மட்டும் உரியவை அல்ல என்று எண்ணுவதாலேயே இங்கு எழுதத் துணிந்தோம். பொங்கலோ, தீபாவளியோ, நோன்புப் பெருநாளோ கொண்டாடும் வாசகரும் தத்தம் வீட்டு முற்றத்திலே நின்று இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

எங்களுடையது யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பம். ஆசிரியத் தொழிலால் வாழ்வது. செல்வக் குடும்பமன்று, எனினும் பண்டிகைக்காகக் கடன்படும் தகுதி வாய்ந்த குடும்பம். பாடசாலையில் ஒளிவிழா, தேவாலயத்தில் ஞாயிறுப் பாடசாலைப் பிள்ளைகளின் நாடகம், இரவிலே கரோல் குழுவோடு வீடுவீடாகச் செல்லுதல் என்று மாதம் ஓடும். இடையிலே சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். சவுக்கங்கிளை தேடிப்பிடித்து, அதன்மேல் பஞ்சைப் பனியாகத் தூவ வேண்டும். வெளியிலோ மாரிமழை கொட்டிக்கொண்டிருக்கும். றிச் கேக்குக்கு முந்திரிகை வற்றல் வெட்ட வேண்டும். பயற்றம் பணியாரம் சுட வேண்டும். பிறநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு அறை ஒழுங்குசெய்ய வேண்டும். இவற்றுள் எதனையும் விடமுடியாதென்றே ஒவ்வோராண்டும் எங்களுக்குத் தோன்றும். ஏனெனில் அயல்வீட்டார் எதனையும் விடுவதில்லை.

எங்கள் ஒழுங்கைக் கோடியிலே தையல் வேலை செய்து பிழைக்கும் பெண்ணொருவர் இருக்கின்றார். கணவனை இழந்தவர், எங்கள் சபையையே சேர்ந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர், பிள்ளைகளின் நத்தார் உடைகளுக்கான துணியை மார்கழி பதினெட்டாந் திகதிதான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். முன்னரே கொடுத்திருக்கலாம், நேரமில்லை. கூலியைப் பற்றிப் பேச்செழுந்தபோது, பண்டிகைச் செலவெல்லாம் முடியட்டும், தை மாதச் சம்பளத்திலே தருகின்றோம் என்றோம். அவர் மறுத்தொன்றுஞ் சொல்லவில்லை.

இருபத்துநான்காந் திகதி இரவு பத்து மணியளவில் உடைகளை வாங்கச் சென்றோம். தையல் இயந்திரத்தின் அருகே, வெட்டுத்துணிக் குவியலின்மேல், அவருடைய சிறிய மகள் நித்திரையாகிக் கிடந்தாள். சுவரோரமாக வெட்டிய துணியொன்று தைக்கப்படாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது அச்சிறுமிக்கு உரியதென்பதைக் கேளாமலே அறிந்தோம், ஆயினும் கேட்டோம். "எல்லாரின்ரையும் முடியட்டும், ரீச்சர். விடியிறதுக்குள்ளை தைச்சுப்போடுவன்" என்றார் அவர்.

விடிந்தது. மணி ஒலித்தது. ஆராதனையில் எங்கள் பிள்ளைகள் புத்துடையோடு முன்வரிசையிலே நின்றனர். அவருடைய இடம் வெறுமையாயிருந்தது. இரவு முழுவதும் விழித்தவர் இயந்திரத்தின் மேலேயே தலைசாய்த்து உறங்கிவிட்டார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் தைத்த உடைகள் தேவாலயத்துக்கு வந்திருந்தன, அவர் வரவில்லை.

அன்று மதிய உணவின்போது இதுபற்றி வீட்டிலே பேச்செழுந்தது. பல்கலைக்கழகத்திலே பயிலும் மூத்த மகன், இனி நத்தாருக்குப் புத்துடையே வேண்டாம், ஆடம்பரத்தை நிறுத்திவிட்டால் எவருடைய நித்திரையும் கெடாது என்றான். கேட்பதற்கு நேர்மையான முடிவாகவே தோன்றியது. ஆனால், அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "நாங்கள் நிப்பாட்டினால் அவள் எதைத் தின்னுறது?" என்று ஒரு வினாவை எழுப்பினார். வருடத்திலே அவருக்கு வருமானம் தரும் மாதங்கள் சிலவே. அவற்றுள் மார்கழி முதன்மையானது. அந்த மாதத்தையும் நாம் பறித்துவிட்டால் எங்கள் கைகள் தூய்மையாயிருக்கும்; அவருடைய உலைப்பானை வெறுமையாயிருக்கும். எங்கள் மனச்சாட்சியைக் கழுவுவதற்கு அவருடைய பிழைப்பைத் தண்ணீராக்கலாமா?

இங்கேதான் பிரச்சினை ஆழமாகின்றது. ஆடம்பரத்தை வெறுப்பது ஒன்று. உழைப்பை மதிப்பது வேறொன்று. எளிமை என்பது பெரும்பாலும் வசதியுள்ளவன் தன் ஆன்மாவுக்குச் செய்துகொள்ளும் அலங்காரமாகவே முடிந்துவிடுகின்றது. அவர் எங்களுக்காகத் தைத்ததிலே குற்றமில்லை. ஏழு நாளிலே தைக்குமாறு செய்தது குற்றம். தைத்ததற்கு உரிய கூலியை உரிய வேளையிலே கொடாதது அதனினும் பெருங்குற்றம்.

இன்னுமொன்றைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. அதே மார்கழியிலே எங்கள் சபையார் வறிய குடும்பங்களுக்குப் பொதிகள் வழங்கினர். அரிசி, சீனி, மா, பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பொருள். அப்பட்டியலிலே அத்தையற்காரியின் பெயரும் இருந்தது. பொதிக்குப் பணம் கொடுத்தோர் பட்டியலிலே எங்கள் பெயரும் இருந்தது. கொடுக்கவேண்டிய கூலியைக் கையிலே வைத்துக்கொண்டு, கொடுத்தாலும் கொடாவிட்டாலும் எவரும் கேட்கவியலாத தருமத்தைப் பலரறியக் கொடுத்தோம். கூலியாளின் கூலி ஓரிரவுகூட முதலாளியிடம் தங்கலாகாது என்று லேவியராகமம் விதிக்கின்றது. பிடித்துவைத்த கூலியே எழுந்து கூக்குரலிடும் என்று யாக்கோபின் நிருபம் எச்சரிக்கின்றது. இவ்விரண்டையும் நாங்கள் பலமுறை வாசித்தவர்கள். வாசித்தது வேறு, வாழ்ந்தது வேறு.

ஒளிவிழா நாடகங்களிலே தவறாது தோன்றும் பாத்திரமொன்று உண்டு. கர்ப்பிணியான மரியாளையும் யோசேப்பையும் "இடமில்லை" என்று விரட்டும் சத்திரக்காரனே அவன். கடுகடுத்த முகத்தோடு வருவான். பார்வையாளர் அவனை வெறுப்பர். நாம் அவனல்லர் என்ற ஆறுதலோடு வீடு திரும்புவர். ஆனால், லூக்காவின் சுவிசேஷத்திலே அப்படியொரு மனிதனே இல்லை. இடமிருக்கவில்லை என்ற செய்தி மட்டுமே அங்குண்டு. அவ்விடத்திலே மூலமொழியான கிரேக்கத்தில் வரும் சொல், நல்ல சமாரியன் கதையிலே சத்திரத்தைக் குறிக்க லூக்கா வழங்கும் சொல்லன்று; இறுதி இராப்போசனம் நடந்த விருந்தினர் அறையைக் குறிக்க அவரே வழங்கும் சொல்லாகும். ஆகவே, உறவினர் நிறைந்த ஒரு வீட்டிலே, விருந்தினர் அறையில் இடமில்லாது போகவே, கால்நடைகள் கட்டும் பகுதியிலே அக்குழந்தை பிறந்தது என்று கருதும் வேத அறிஞரும் உளர்.

இக்கருத்துச் சரியாயின் கதையின் குற்றவாளி மாறிவிடுகின்றான். கல்நெஞ்சனான வியாபாரி மறைந்துவிட, விருந்தினரும் சந்தடியும் நிறைந்த ஒரு நல்ல குடும்பம் அவனுடைய இடத்திலே வந்து நிற்கின்றது. அவர்கள் எவரையும் வெறுத்தவர்களல்லர். அவர்களுடைய வீடு நிறைந்திருந்தது, அவ்வளவே. இன்று "இடமில்லை" என்ற சொல்லை நாம் நாகரிகமாக "நேரமில்லை" என்று சொல்கின்றோம். தீமை எப்பொழுதும் கொடிய முகத்தோடு வருவதில்லை. பெரும்பாலும் அது அலுவல் மிகுந்த நல்லவர்களின் முகத்தோடே வருகின்றது.

கிறிஸ்து பிறப்பு விழாவை இவ்வண்ணமே கொண்டாட வேண்டுமென்பது தெய்வ கட்டளையோ? வரலாறு அவ்வாறு கூறவில்லை. மார்கழி 25ஆம் நாளை உரோமைக் கிறிஸ்தவர் இவ்விழாவுக்குரிய நாளாகக் கொண்டமைக்குக் கிடைக்கும் பழைய சான்று கி.பி. 336ஆம் ஆண்டுக்குரியது. 1647இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் இவ்விழாவையே நீக்கியது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலே தூய்மைவாதிகள் 1659இல் இதனைக் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தனர். அச்சட்டம் 1681 வரை நீடித்தது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பாடசாலைகள் நிறுவிய அமெரிக்க மிஷனரிமார் அத்தூய்மைவாதிகளின் வழிவந்த சபையினரே. எங்கள் முன்னோருக்குச் சுவிசேஷத்தைக் கற்பித்தோரின் மரபிலே நத்தார் நெடுங்காலம் வெறும் வேலைநாளாயிருந்தது என்பதை எண்ணும்போது, சவுக்கங்கிளையிலே பஞ்சு தூவாவிட்டால் பண்டிகையே இல்லை என்ற எங்கள் நம்பிக்கை நகைப்புக்குரியதாகின்றது.

இன்று நாம் காணும் நத்தாரின் கோலம் பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கமே. அச்சிட்ட முதல் வியாபார நத்தார் அட்டையும், சாள்ஸ் டிக்கன்ஸின் புகழ்பெற்ற நத்தார் கதையும் 1843ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வெளிவந்தன. அக்கதையிலே ஸ்குறூஜ் என்ற கருமி, தன் எழுதுவினைஞன் கிராச்சிற் என்பவனுக்கு நத்தார் நாளொன்றிலே விடுமுறை கொடுப்பதற்கும் மனம் புழுங்குகின்றான். ஓரிரவிலே மனந்திருந்திச் சம்பளத்தையும் உயர்த்துகின்றான். படிப்போர் உள்ளம் நெகிழ்வர். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. ஸ்குறூஜ் மனந்திருந்தாதிருந்தால் கிராச்சிற்றின் கதி என்ன? முதலாளியின் நல்ல மனத்திலே தங்கியிருக்கும் ஓய்வு ஓய்வாகுமா? அது பிச்சையின் இன்னொரு பெயரேயன்றி வேறென்ன?

இதற்கு விடை நத்தார் கதைகளினும் பழைய ஓரிடத்திலே உள்ளது. ஓய்வுநாட் கட்டளையானது வீட்டுத் தலைவனுக்கு மட்டும் ஓய்வை விதிக்கவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும் எருதுங்கூட அன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்கின்றது. உபாகமம் அதற்குக் காரணமுங் கூறுகின்றது: நீங்களும் எகிப்திலே அடிமைகளாயிருந்தீர்கள் என்பதே அது. அதாவது, ஓய்வு என்பது எசமானின் இரக்கத்திலே பிறப்பதன்று. அடிமைத்தனத்தின் நினைவிலே பிறந்த உரிமை. பிற்காலத்திலே தொழிலாளர் போராடிப் பெற்ற எட்டுமணி நேர வேலைநாளும் இந்நினைவின் வழித்தோன்றலே எனலாம். நமது நாட்டின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணியும் வாரத்துக்கு நாற்பத்தைந்து மணியும் வேலைநேரம் என வரையறுத்து, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியத்தையும் விதித்தது. மார்கழி இரவுகளிலே ஒளிவெள்ளத்தில் திளைக்கும் புடைவைக் கடைக்குள் நுழையும்போது, துணியை விரித்துக் காட்டும் பெண் எத்தனை மணிநேரமாக நிற்கின்றாள் என்று நாம் கேட்பதுண்டா? அவளுக்காவது ஏட்டிலே ஒரு சட்டமுண்டு. தன் வீட்டுத் திண்ணையிலே இயந்திரம் மிதிக்கும் தையற்காரிக்கு அதுவும் இல்லை. அவருக்கு முதலாளி இல்லை என்பார்கள். உண்மையில் அவருக்கு ஒழுங்கை முழுவதும் முதலாளிகள். நாங்களும் அவர்களுள் ஒருவர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சீனியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோது, எங்கள் வீட்டிலும் கேக் அடிக்கவில்லை. அம்மா அன்று மாலை கதிரையிலே அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அவரை நத்தார் மாலையொன்றில் அடுப்படிக்கு வெளியே நெடுநேரம் கண்டது அதுவே முதன்முறை. எங்கள் மகிழ்ச்சி பிறருடைய உழைப்பிலே மட்டுமன்றி எங்கள் வீட்டுப் பெண்களின் உழைப்பிலும் நின்றதென்பதை அன்றுதான் ஆண்களாகிய நாங்கள் கண்டோம். ஆனால், பஞ்சம் நல்ல ஆசான் என்று சொல்லத் துணியமாட்டோம். எங்களுக்குக் கேக் இல்லாத அந்த நத்தாரிலே பலருக்குச் சோறே இல்லாதிருந்தது. ஒருவனுக்குப் பாடமாகும் குறைவு மற்றொருவனுக்குப் பட்டினியாகும் சமுதாயத்திலே எளிமையைப் போற்றுவதற்கும் ஒரு கூச்சம் வேண்டும்.

இப்பொழுது எங்கள் வீட்டிலே சில வழக்கங்கள் மாறியுள்ளன. துணி ஐப்பசியிலேயே தையற்காரியிடம் போய்விடுகின்றது. உடையை வாங்கும்போதே கூலி கொடுக்கப்படுகின்றது. அவர் கேட்கும் கூலியிலே பேரம் பேசுவதில்லை. பலகாரவகை குறைந்துள்ளது, அடுப்படியிலே ஆண்களின் கைகளும் வேலை செய்கின்றன. இவற்றைப் பெருமையாகச் சொல்லவில்லை. இவை நற்செயல்களல்ல, நெடுங்காலம் தீர்க்காத கடனின் ஒரு சிறு தவணை. ஒரு வீடு முந்திக் கொடுத்தால் அவருக்கு ஓரிரவின் நித்திரை கிடைக்கலாம். அவருடைய வாழ்வு மாறிவிடாது. ஆசிரியர்களாகிய நமக்குச் சங்கமுண்டு, சம்பளத் திட்டமுண்டு, ஓய்வூதியமுண்டு. அவருக்கு நோய் வந்தால் அன்றே வருமானம் நின்றுவிடும். தனித்தனித் திண்ணைகளிலே இருந்து உழைக்கும் இத்தகைய பெண்கள் ஒன்றுகூடித் தம் கூலியைத் தாமே வகுக்கும் நாள் வரும்வரை, எங்கள் நல்லெண்ணமும் ஸ்குறூஜின் நல்லெண்ணம் போன்றதே. அந்நாளை விரைவிலே கொண்டுவருவதற்குச் சங்க அனுபவமுள்ள நாம் என்ன செய்தோம் என்பதே நம்முன் நிற்கும் வினா.

சென்ற நத்தாருக்கும் ஆராதனை மணி ஒலித்தது. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, எங்களுக்கு முன் வரிசையிலே அமர்ந்தார். சிறுமியின் சட்டை புதியது. தாயின் கண்கள் அவ்வாண்டு சிவந்திருக்கவில்லை. ஒரு வீட்டிலே சிறிது இடம் உண்டாயிற்று. ஒழுங்கை இன்னும் நீளமானது.